முப்பத்தொரு வெள்ளி இலை

பச்சைத் திங்கள் அன்று காலை என் நாத்தனார் மரித்சா கொட்டகையில் நின்று சைக்ளமன் என்ற கிழங்குப் பூச்செடியின் இலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தும் தடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றுகிறது, அதில் நான் ஒன்றும் தெரியாத அப்பாவியாக வருகிறேன். என்னை அப்பாவி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் கணவன் பியேரிஸ் முப்பது வருஷம் பாஃபோஸ் நகரத்துக்கும் எங்கள் மலைக்கிராமத்துக்கும் நடுவே பஸ் ஓட்டினான். ஓய்வு பெற்ற மறு வாரமே இந்தச் சைக்ளமன் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் கழுதை கட்டிய கொட்டகையைக் கழுவிவிட்டு, வெயில் நேராக விழாதபடி வலை கட்டி, இருநூறு தொட்டி அடுக்கினான். விதை போட்டால் பூ பார்க்க மூன்று வருஷம் ஆகும். பஸ்ஸில் ஒரு கிழவர் ஏற அரை நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் ஹாரனை அழுத்தியே அவரை நடுங்க வைத்தவன், ஒரு மொட்டு நிமிர்வதற்கு மூன்று வாரம் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

தண்ணீரை மேலே ஊற்றக் கூடாதாம். கீழே தட்டில் ஊற்றினால் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும், மீதியை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். கிழங்கின் உச்சியில் ஒரு துளி பட்டுவிட்டால் சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து ஒற்றுவான். நான் மழையில் தொப்பலாக நனைந்து வந்தால் மட்டும், "தரையை ஈரம் பண்ணாதே" என்பான்.

அந்த இருநூறில் ஒன்றுதான் வெள்ளிச் செடி. மற்றதெல்லாம் பச்சை இலையில் வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். இதில் பச்சையே கிடையாது, ஓரத்தில் மட்டும் நூல் கனத்தில் ஒரு கோடு. பல் குத்தும் குச்சியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவி, அதன் விதையைப் போட்டு, வந்ததில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி தடவி, ஒன்பது வருஷம் பாடுபட்டு அவன் கொண்டுவந்த செடி. அந்த மாசிப் பனியில் அதற்கு முப்பத்தொரு இலை இருந்தது. எண்ணியது நான் இல்லை. அவன்தான் தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது எனக்கு எண்ணிக்கை சொல்வான்.

எங்கள் பக்கத்து மலைப்பூ சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் செடியைக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறவன் அதற்குப் பெயர் வைக்கலாம், சங்கத்தின் பெரிய புத்தகத்தில் அந்தப் பெயர் ஏறும். ஆண்கள் எல்லோரும் பொண்டாட்டி பெயரைத்தான் வைப்பார்கள். எங்கள் ஊர் அந்த்ருல்லாவின் கணவன் ஒரு ரோஸ் நிறச் செடியைக் கொண்டுவந்து "அந்த்ருல்லா" என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து அவள் கோயிலில் முன் வரிசையில், தானே பூத்துக் குலுங்குகிற மாதிரித்தான் நிற்கிறாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். ஒன்பது வருஷம் கொட்டகைக்குத் தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தவள் நான். அந்த வெள்ளிச் செடிக்கு என் பெயர் வர வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் நான் கேட்கவில்லை. அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாயைத் திறந்தேன்.

"பேரு முடிவு பண்ணிட்டியா?"

"ம்ம். பண்ணியாச்சு."

"என்ன பேரு?"

"மரித்சா."

அப்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதன்மேல் பழி போட முடிந்தது.

"உங்க அக்கா பேரா?"

"அவதானே முதல் கிழங்கு குடுத்தா."

"குடுத்தாளா? வெயில் காலத்துல இலை உதிர்ந்து தூங்கிட்டிருந்த கிழங்கு, செத்துப்போச்சுன்னு நினைச்சுக் குப்பைத் தொட்டியில போட்டா. நீ அதைப் பொறுக்கிட்டு வந்தே. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன் பியேரி."

"குப்பையில போட்டது அவதானே. போடலேன்னா நான் எப்படிப் பொறுக்கியிருப்பேன்?"

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன வாதம் செய்வது? நான் வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்கினேன். அன்றைய குழம்பில் வெங்காயம் ஒரு கிலோ.

அடுத்து வந்தது பச்சைத் திங்கள். ஐம்பது நாள் நோன்பு தொடங்கும் நாள். கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. எல்லோரும் வயலுக்குக் கிளம்பி, ஆலிவும் பச்சை மொச்சையும் ஊறுகாயும் கொறித்துக்கொண்டு பட்டம் விடுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இலைச்சுருட்டு கட்டாயம். அரிசி, தக்காளி, வெங்காயம், புதினா கலந்து இலையில் வைத்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருட்டி எலுமிச்சைச் சாற்றில் வேகவைப்பது. திராட்சை துளிர்க்க இன்னும் ஒரு மாதம் இருப்பதால் மலையில் கிடைக்கும் சைக்ளமன் இலையில்தான் சுருட்டுவோம். உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கொதிக்கவிட்டு வடித்தால் கசப்பு போய்விடும்.

மலையில் பறிக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு செடிக்கு ஒரு இலை. அதற்கு மேல் தொடக் கூடாது. அறுபது இலை வேண்டுமானால் அறுபது செடியைக் குனிந்து கும்பிட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படிக் குனிந்து அறுபது சேர்த்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். மறுநாள் காலை லிமசோலிலிருந்து மரித்சாவின் கார் வந்தது. அவள் மட்டும் வருவதாகப் பேச்சு. கதவைத் திறந்தால் ஐந்து பேர் இறங்குகிறார்கள்.

"இலை பத்தாதே அண்ணி" என்றேன்.

"அதுக்கென்னடி, பின்னாடி கொட்டகை பூரா இலைதானே. நான் பறிச்சுட்டு வரேன், நீ அரிசியைக் களை" என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பின்னாலேயே போனேன். கிண்ணத்தில் வெள்ளி இலைகள். ஏழு. மரித்சா எட்டாவதை வாகாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் செடிதானா அண்ணி கிடைச்சுது?"

"பாரேன், பூஞ்சை பிடிச்சு நரைச்சுக் கிடக்கு. நல்ல செடியை எதுக்குக் கெடுக்கணும்னு இதைப் பிடிச்சேன். நோயில்லையே? சாப்பிடலாம்தானே?"

பியேரிஸ் முகம் கண்முன்னால் வந்தது. அதற்குப் பின்னாலேயே, சங்கத்துப் புத்தகத்தில் "மரித்சா" என்று எழுதியிருப்பதும் வந்தது. அதற்கும் பின்னால் அந்த்ருல்லாவின் முகம். மூன்றையும் ஒரே நொடியில் பார்த்துவிட்டு நான் சொன்னேன்:

"நோயெல்லாம் இல்லை. அவன் மருந்துகூட அடிக்கிறதில்லை. நீங்க போய் வெங்காயம் உரிங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

அவள் போனாள். நான் செடிக்கு முன்னால் நின்றேன். ஏழு இலை போனால் வட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, கண்காட்சிக்கு இனி ஆகாது. அப்படித்தான் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மலையில் ஒரு செடிக்கு ஒரு இலைக்கு மேல் தொடாத இந்தக் கை, அந்த ஒரே செடியிலிருந்து மீதி இருபத்துநாலையும் எடுத்தது. பூவையும் மொட்டையும் தொடவில்லை. ஆத்திரம்தான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க மாட்டேன்.

வெந்த பிறகு எல்லா இலையும் ஒரே நிறம். வெள்ளியாவது பித்தளையாவது, கொதிநீரில் போட்டதும் அந்த மினுக்கெல்லாம் போய்விட்டது. எது மலையில் பறித்தது, எது கொட்டகையில் பறித்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வாய்க்குத் தெரிந்தது. மத்தியானம் வயலில் கராப் மரத்தடியில் விரிப்பில் உட்கார்ந்து பியேரிஸ் சாப்பிட்டான். சாதாரணமாக ஆறேழோடு நிறுத்திவிடுவான். அன்றைக்குப் பதின்மூன்று தாண்டியும் கை நிற்கவில்லை.

"இதுல சிலது வெண்ணெய் மாதிரி இருக்கே. நாரே இல்லை. எந்தப் பக்கம் பறிச்சே?"

நான் ஆலிவ் கொட்டையைத் துப்புவதில் மும்முரமாக இருந்தேன். மரித்சாதான் பெருமையாகச் சொன்னாள்.

"மலையாவது? உன் கொட்டகையில பறிச்சதுடா. மூலையில நரைச்சுப்போய் ஒண்ணு கிடந்துச்சே, அதுல."

பதினாலாவது அவன் வாயில் இருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தான். பட்டம் விட்டுக்கொண்டிருந்த யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

நாங்கள் கொட்டகைக்குப் போனபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரில் தொட்டி. மண்ணில் பாதி புதைந்த பழுப்புக் கிழங்கு, அதன்மேல் காம்புகளில் நிமிர்ந்து நிற்கும் பதினோரு பூ. வழுக்கைத் தலையில் யாரோ பூ செருகிவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இதுக்கு உன் பேரு வைக்கிறதா இருந்தேன்" என்றான்.

மரித்சா தொட்டியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

"இதுக்கா? தலை நரைச்ச செடிக்கா என் பேரு? ஊர்ல ஒருத்தி சிவப்பா இருக்கா, ஒருத்தி ரோஸா இருக்கா, உன் அக்காவுக்கு மட்டும் நரையா? நல்லவேளை வெட்டினேன்."

சாயங்காலம் காருக்குள் ஏறும்போது மூஞ்சியை ஒரு முழம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மிச்சம் இருந்த இலைச்சுருட்டை ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு போக மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பியேரிஸ் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. காலையில் காப்பி குடித்தான், எண்ணிக்கை சொல்லவில்லை. எண்ண என்ன இருந்தது? செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் நோன்புச் சாப்பாட்டை விதவிதமாகச் செய்து கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்தேன். "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னான். ஊரெல்லாம் மரித்சாவைத் திட்டிக்கொண்டிருந்தது, நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டிய ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தான்.

"பாரு. இந்தச் செடியில ரெண்டு பேரு கை வெச்சிருக்காங்க."

"என்ன சொல்றே?"

"இங்க ஏழு காம்பு பாதியில நிக்குது, பாத்தியா? கத்தரிக்கோல். நுனி கறுத்து அழுக ஆரம்பிச்சிருக்கு. அதான் சைக்ளமன் இலையை வெட்டவே கூடாதுன்னு சொல்வேன். மீதி இருபத்துநாலு இடம் பாரு. அடியில பிடிச்சு, லேசாத் திருகி, சுண்டி இழுத்திருக்கு. துண்டு ஒண்ணுகூட மிச்சம் நிக்கலை. இந்த வீட்டுல அப்படிப் பறிக்கத் தெரிஞ்சது ரெண்டே பேரு. நான் அன்னிக்குப் பூரா வயல்ல பட்டம் கட்டிட்டிருந்தேன்."

பூதக்கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓட்டியவன் இத்தனை வருஷம் கழித்துப் போலீஸ்காரன் ஆவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆமா, நான்தான்" என்றேன்.

"ஏன்?"

"மரித்சான்னு பேரு வெக்கறேன்னே. குப்பையில போட்டவளுக்குப் பேரு, ஒன்பது வருஷமா சோறு போட்டவளுக்கு ஒண்ணும் கிடையாதா?"

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உனக்கு வேணும்னு நீ சொல்லவே இல்லையே."

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன பஸ் டிக்கெட்டா?"

"ஆத்திரத்துல பறிச்சியா?"

"ஆத்திரத்துலதான்."

"ஆத்திரத்துல பறிக்கறவ பிச்சு எறிஞ்சிருக்கலாமே. எதுக்குத் திருகித் திருகி எடுத்தே?"

"துண்டு நின்னா கிழங்கு அழுகிடாதா? நீதானே சொல்வே?" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். இந்தத் தடவை பழி போடப் பக்கத்தில் வெங்காயம் இல்லை.

அவன் என்னைத் தேற்றவில்லை. கைக்குட்டையை எடுத்தான், நானும் அது எனக்குத்தான் என்று நினைத்துக் கை நீட்டினேன். அவன் அதைக் கத்தரிக்கோல் வைத்த ஏழு காம்பின் பக்கம் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பிடித்து, திருகி, சுண்டி எடுத்தான். பிறகுதான் கைக்குட்டை என்னிடம் வந்தது. மண்ணும் பிசுக்குமாக இருந்தது. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் கண்காட்சிக்குப் போக மாட்டான் என்று நினைத்தேன். மொட்டைத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டான். நான் ஓட்டினேன்.

பெரிய ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம். நீள மேஜையில் வெள்ளைத் துணி, அதன்மேல் முப்பது நாற்பது செடி, எல்லாம் இலை விரித்து மகாராணி மாதிரி. நடுவில் எங்கள் கிழங்கு. அதன் முன்னால் அவன் எழுதி வைத்த அட்டையில் என் பெயர்: "எவாந்தியா." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷமா, அவமானமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த்ருல்லா அட்டையைப் படித்தாள், கிழங்கைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

"எவாந்தியா, எப்பம்மா மொட்டை போட்டுக்கிட்டே?"

மண்டபமே சிரித்தது. நடுவர் செனோன் பழைய விவசாய அதிகாரி, ஒரு தடவைகூடச் சிரித்ததாகக் கேள்வி இல்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"பியேரிஸ், இது இலைப் பிரிவு. இலை எங்கேங்க?"

"சாப்பிட்டோம் சார்."

"என்னது?"

"சுருட்டி, வேகவெச்சு. நான் மட்டும் பதினாலு."

செனோன் பேனாவை மூடினார். தகுதி இல்லை என்றார். பியேரிஸ் விடவில்லை. பரிசு வேண்டாம், புத்தகத்தில் பெயர் ஏற வேண்டும், விதியில் புதுச் செடிக்கு ஏதாவது ஒரு தனித்தன்மை வேண்டும் என்றுதான் இருக்கிறதே தவிர அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று வாதாடினான். கடைசியில் செனோன், பின்னால் காத்திருக்கிற ஆட்களைப் பார்த்துவிட்டு, பொடி எழுத்தில் எழுதினார்: "எவாந்தியா. நிறம்: பார்க்க இயலவில்லை. தன்மை: இலை மிக மென்மை, நார் கிடையாது."

அவர் எழுதியதை உரக்கப் படித்ததுதான் தாமதம், மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் மகாராணிகளை விட்டுவிட்டு எங்கள் கிழங்கைச் சுற்றிக்கொண்டார்கள். கசக்குமா, எத்தனை தண்ணீர் மாற்றணும், சுருட்டும்போது கிழியுமா, விதை எப்போது கிடைக்கும். பியேரிஸ் நடுவில் நின்று தலைகால் புரியாமல் பதில் சொன்னான். அவனுடைய வெள்ளி நிறத்தைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கிழங்கு பிழைத்துக்கொண்டது. அந்தப் பதினோரு பூவும் காய்த்துக் காம்பு சுருண்டு மண்ணைத் தொட்டன, விதையை ஊருக்கெல்லாம் கொடுத்தான். முளைத்ததில் பாதி வெள்ளி, பாதி பச்சை, மென்மை மட்டும் அத்தனையிலும் இருந்தது. இப்போது மலைமேல் எட்டு ஊரிலும் வீட்டுக்கு இரண்டு தொட்டி இருக்கிறது. மலையில் யாரும் குனிவதில்லை. நோன்பு வந்தால் சந்தையில் காய்கறிக்காரன் இலையைக் கட்டுக் கட்டாக அடுக்கி, "இளசான எவாந்தியா, காலையில பறிச்சது" என்று கூவுகிறான். எனக்கு வயது அறுபத்தாறு.

என் பெயரைப் புத்தகத்தில் ஏற்ற ஆசைப்பட்டேன். ஏறியும் விட்டது. புத்தகத்தை யாரும் திறப்பதில்லை, ஆனால் ஐம்பது நாளும் எட்டு ஊரும் என் வயிற்றில் அரிசியை அடைத்துச் சுருட்டி, எலுமிச்சை பிழிந்து தின்கிறது. பியேரிஸைக் கேட்டால், "நீதானே கேட்டே?" என்கிறான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அந்த்ருல்லா என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். அவளுடைய ரோஸ் பூவை யாரும் இப்போது பேசுவதில்லை, அதில் அவளுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"எவாந்தியாவை ரெண்டு தடவை கொதிக்க விடணுமா, ஒரு தடவை போதுமா?"

சுற்றி நாலு பேர் நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஒரு தடவை போதும்" என்றேன். "சீக்கிரம் வெந்துடுவா."